சிறுநீர்ப்பாதை அறுந்தால்: உடனே கோப்பதா, மூன்று மாதம் பொறுப்பதா?

"இப்போதைக்கு அடிவயித்துல ஒரு ட்யூப் போட்டு விடறோம். யூரின் அது வழியா வரட்டும். மூணு மாசம் கழிச்சு ஆபரேஷன் பண்ணிக்கலாம்." விபத்தில் இடுப்பெலும்பு நொறுங்கி வந்தவரின் வீட்டாரிடம் யூரோலஜி டாக்டர் இப்படிச் சொன்னதும், அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் கேட்டுவிடுவார்: "ஏன் சார், கடன உடன வாங்கியாவது பணம் கட்டிடறோம், இப்பவே சரி பண்ணிடக் கூடாதா?"

நியாயமான கேள்விதான். கை உடைந்தால் அன்றே கட்டுப் போடுகிறார்கள், குடல் கிழிந்தால் அன்றே தைக்கிறார்கள். சிறுநீர்ப்பாதைக்கு மட்டும் ஏன் மூன்று மாதத் தவணை? யூரோலஜி வார்டில் நான் செவிலியராக இருந்தபோது, டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகு இதற்குப் பதில் சொல்லும் வேலை பெரும்பாலும் எங்கள் தலையில்தான் விழும். உண்மையில் முடிவெடுக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, அடிபட்ட முதல் சில நாட்களில். இன்னொன்று, மூன்று மாதம் கழித்து. எல்லோரும் முதலாவதை நினைத்துத்தான் பதறுகிறார்கள். நான் பார்த்தவரை, ஆளை வருடக்கணக்கில் அலைய விடுவது இரண்டாவது இடத்தில் எடுக்கும் தவறான முடிவு.

முதலில், என்ன அறுந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து கிளம்பும் குழாய் ப்ராஸ்டேட் சுரப்பிக்குள் புகுந்து, இடுப்பின் அடித்தளத் தசையைத் துளைத்துக்கொண்டு, விதைப்பைக்குப் பின்னால் வளைந்து நுனிக்கு வருகிறது. ப்ராஸ்டேட் முன்பக்க இடுப்பெலும்போடு தசைநார்களால் கட்டப்பட்டிருக்கிறது. லாரிச் சக்கரமோ இடிந்த சுவரோ இடுப்பை நசுக்கி எலும்பு வளையம் விலகும்போது, எலும்போடு சேர்ந்து ப்ராஸ்டேட்டும் இழுபடும். கீழே உள்ள குழாய் தன் இடத்திலேயே நிற்கும். நடுவில் இருக்கும் மெல்லிய பகுதி கிழியும், அல்லது முழுதாக அறுந்துபோகும். இடுப்பெலும்பு முறிந்த ஆண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இப்படி ஆகலாம். பெண்களுக்குக் குழாய் குட்டை, அசைந்தும் கொடுக்கும். அதனால் அவர்களுக்கு இது அபூர்வம்.

ஆணுறுப்பின் நுனியில் ரத்தம், வயிறு முட்டியும் சிறுநீர் வராமை, விதைப்பையில் நீலம் பாரித்த வீக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலே அவசரப் பிரிவில் கத்தீட்டரை, அதாவது நுனி வழியாக விடும் ட்யூபை, கையில் எடுத்தவர் கீழே வைத்துவிட வேண்டும். நோயாளியின் நிலை மோசமாக இருந்து, அனுபவமுள்ளவர் ஒரே ஒரு முறை மெதுவாக முயன்று பார்ப்பதை இன்றைய வழிகாட்டுதல்கள் ஏற்கின்றன. தடை தட்டியதும் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்" என்பதுதான் ஆபத்து. பாதி கிழிந்ததை முழுக்க அறுத்துவிடக் கூடிய அழுத்தம் அது.

அடுத்தது டை, அதாவது எக்ஸ்ரேயில் தெரியும் சாயம், விட்டு எடுக்கும் எக்ஸ்ரே. நோயாளியைச் சற்றே ஒருக்களித்துப் படுக்க வைத்து, நுனி வழியாக 25, 30 மில்லி டையை மெதுவாக ஏற்றுவார்கள். உடைந்த இடுப்போடு ஒருக்களிப்பது கொடுமைதான், முடியாவிட்டால் எக்ஸ்ரே குழாயைச் சாய்த்துக்கொள்வார்கள். டை கொஞ்சம் வெளியே கசிந்தாலும் சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேர்ந்தால் கிழிசல் பாதிதான். எல்லாமே வெளியே பரவி, பைக்குள் ஒரு சொட்டும் போகவில்லை என்றால் முழுதாக அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். பாதிக் கிழிசலில் பெரிய விவாதம் இல்லை. பாதை வழியாகவே ஒரு ட்யூப் போய் உட்கார்ந்துவிட்டால், அல்லது அடிவயிற்று ட்யூப் போட்டுச் சில வாரம் ஓய்வு கொடுத்தால், பலருக்குத் தானாகவே ஆறிவிடும். நாம் பேசப்போவது முழுதாக அறுந்தவர்களைப் பற்றி.

அவர்களுக்கு முதல் நாட்களில் மூன்று வழிகள் உண்டு என்று சொல்வார்கள். அன்றே திறந்து இரண்டு முனைகளையும் தைப்பது. தைக்காமல், உள்நோக்கிக் கருவியால் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) இரண்டு முனைகளையும் நேர்க்கோட்டில் கொண்டுவந்து ட்யூபில் கோத்துவிடுவது. எதையும் தொடாமல் அடிவயிற்றில் ட்யூப் போட்டுவிட்டுக் காத்திருப்பது. வீட்டார் கேட்பது முதலாவதை. அதை இன்று அநேகமாக யாரும் செய்வதில்லை. உள்ளே தேங்கிய ரத்தத்தில் எது குழாய், எது சுற்றுத் தசை என்றே தெரியாது. தேங்கிய ரத்தத்தைத் திறந்துவிட்டால், அதுவரை அழுத்தத்தில் அடங்கியிருந்த கசிவு மறுபடி பீறிடும். முனைகளைத் தேடித் துழாவுவதில் பக்கத்திலுள்ள, விறைப்புக்குக் காரணமான நரம்புகளுக்குக் கூடுதலாக அடிபடும்.

எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவைச் சேர்ந்த யூரோலஜி மருத்துவர் கொராய்திம், அதற்கு முந்தைய ஆண்டுகளில் வெளியான பல நோயாளித் தொகுப்புகளை ஒன்றுசேர்த்து 1996-இல் ஒரு கணக்கு வெளியிட்டார். உடனே தைத்தவர்களில் 49 சதவீதம் பேருக்குப் பிறகு பாதை சுருங்கியது, 56 சதவீதம் பேருக்கு ஆண்மைக் குறைவு, 21 சதவீதம் பேருக்குச் சிறுநீரை அடக்க முடியாத நிலை. கோத்துவிட்டவர்களில் 53, 36, 5. அடிவயிற்று ட்யூப் மட்டும் போட்டுக் காத்திருந்தவர்களில் 97, 19, 4.

இந்த எண்களைப் பார்த்ததும் இரண்டு விஷயம் உறுத்த வேண்டும். ட்யூப் மட்டும் போட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பாதை அடைத்துப்போகிறது. ஆம், அடைத்துத்தான் போகும். அந்த வழியைத் தேர்ந்தெடுக்கும்போதே பின்னால் ஓர் ஆபரேஷன் உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் தேர்ந்தெடுக்கிறோம். இன்னொன்று, ஆண்மைக் குறைவு 36-க்கும் 19-க்கும் உள்ள வித்தியாசம். "கோப்பதால்தான் நரம்பு போகிறது" என்று இதை வைத்து முன்பு பயமுறுத்துவார்கள். ஆனால் அந்தக் காலத்தில் கோப்பது என்றால் பல இடங்களில் வயிற்றைத் திறந்து, இரும்புக் கம்பிகளை மேலும் கீழும் விட்டு முட்ட வைத்து இழுப்பது. இன்று கேமராவில் பார்த்துச் செய்வது அந்த முரட்டு வேலை அல்ல. நரம்புச் சேதத்தில் பெரும்பங்கு விபத்து நடந்த நொடியிலேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் இப்போதைய கருத்து. எனவே முதல் வழியை நீக்கிவிட 56-ம் 21-ம் போதும், மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அந்தக் கணக்கு மட்டும் போதாது.

சரி, கோப்பதை எப்படிச் செய்கிறார்கள்? பெரும்பாலும் அடிவயிற்று ட்யூப் முதலிலேயே இருக்கும். அந்தத் துளை வழியாக ஒரு வளையும் உள்நோக்கி மேலிருந்து சிறுநீர்ப்பைக்குள் இறங்கி, பையின் கழுத்தைத் தாண்டி அறுந்த இடத்துக்கு வரும். கீழிருந்து இன்னொன்று மேலேறும். ஒன்றின் வெளிச்சத்தை மற்றது பார்த்ததும் ஒரு மெல்லிய வயரைக் கடத்தி, அதன் மேல் 16 அல்லது 18 அளவுள்ள கத்தீட்டரை வழுக்கி விடுவார்கள். நாலு முதல் ஆறு வாரம் அது உள்ளே இருக்கும். முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ட்யூபைச் சுற்றித் தழும்பாக ஆறும். அதாவது இது தையல் அல்ல, வரிசைப்படுத்தல் மட்டுமே. எல்லாம் நன்றாக அமைந்தால் பாதிப் பேருக்குப் பக்கம் பெரிய ஆபரேஷன் இல்லாமலே தப்பிக்கலாம், மீதிப் பேருக்குச் சுருக்கம் வரும். அப்படி வந்தாலும் அது பல நேரம் குட்டையாக இருக்கும், முனைகள் ரொம்ப விலகியிருக்காது.

இதை முதல் ஒரு வாரம், பத்து நாளுக்குள் செய்ய வேண்டும். நோயாளிக்கு ரத்த அழுத்தம் நிலைத்திருக்க வேண்டும். இரண்டு உள்நோக்கிகளும், அவற்றைப் பிடிக்க இரண்டு பழகிய கைகளும் அந்த ஊரில் இருக்க வேண்டும். "கொஞ்ச நேரம் பார்ப்போம், கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடுவோம்" என்ற கட்டுப்பாடும் வேண்டும். மணிக்கணக்கில் தண்ணீரைப் பாய்ச்சித் தேடினால், தேங்கிய ரத்தத்தில் கிருமி சேர்ந்து சீழாகும். அது பிறகு செய்யும் ஆபரேஷனையும் சேர்த்துக் கெடுக்கும்.

அதனால் என் கணிப்பு இது. தலையிலும் அடி, மூச்சுக்கு மெஷின், ரத்தம் ஏறிக்கொண்டே இருக்கிறது என்ற நிலையில் அடிவயிற்று ட்யூபைத் தவிர வேறு எதையும் பேசக் கூடாது. ஆள் தேறிவிட்டார், எலும்பு ஆபரேஷனுக்காக எப்படியும் அதே வாரம் தியேட்டருக்குப் போகிறார், கருவியும் பழகிய ஆளும் அங்கேயே இருக்கிறார்கள் என்றால், மயக்கம் கொடுத்த கையோடு ஒருமுறை கோத்துப் பார்ப்பதில் லாபம் உண்டு. இதற்காக மட்டும் உடைந்த இடுப்போடு ஆம்புலன்ஸில் முந்நூறு கிலோமீட்டர் அலைய வைப்பது வேண்டாத வேலை.

பிளேட் வைக்கப்போகிறார்கள் என்றால் எலும்பு டாக்டருக்கு ஒரு கவலை இருக்கும்: அடிவயிற்று ட்யூப் பக்கத்தில் இருந்தால் பிளேட்டில் கிருமி சேருமோ என்று. அர்த்தமில்லாத கவலை அல்ல. ஆனால் அதற்காக ட்யூபே வேண்டாம் என்பதும் சரியல்ல. ட்யூபைச் சற்று மேலே தள்ளி, தையல் விழும் இடத்தை விட்டு விலக்கிப் போடலாம். இரண்டு டாக்டர்களும் நேரில் பேசிக்கொள்ளாமல், வீட்டார் நடுவில் தூது போவதைத்தான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். "ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு சொல்லுங்க" என்று கேட்க நோயாளி தரப்புக்கு முழு உரிமை உண்டு.

காத்திருக்கவே கூடாத சிலரும் இருக்கிறார்கள். மலக்குடலும் கிழிந்தவர்கள், சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதி பிளந்தவர்கள், கத்திக்குத்தோ குண்டடியோ பட்டவர்கள், பிறப்புறுப்போடு சேர்ந்து கிழிந்த பெண்கள். இவர்களுக்கு உடனே அல்லது சில நாட்களுக்குள் திறந்து சரிசெய்வதுதான் வழி. சிறுநீர்ப்பை வயிற்றறைக்குள் வெடித்திருந்தாலும் அப்படியே. வயிற்றறைக்கு வெளியே மட்டும் கிழிந்த பை, பத்துப் பதினான்கு நாள் ட்யூபிலேயே பெரும்பாலும் ஆறிவிடும்.

இனி அந்த மூன்று மாதம். ஏன் மூன்று? தேங்கிய ரத்தம் கரைய வேண்டும், மேலே ஏறிப்போன ப்ராஸ்டேட் கீழிறங்க வேண்டும், தழும்பு முற்றி அடங்க வேண்டும். இன்னொன்று யாரும் சொல்வதில்லை: அந்த ஆபரேஷனுக்கு இரண்டு கால்களையும் தூக்கி அகட்டிக் கட்ட வேண்டும். எலும்பு கூடாதவரை அந்த நிலையில் ஆளைக் கிடத்தவே முடியாது.

அடிவயிற்று ட்யூபோடு வாழ்வது சுகமில்லைதான். ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. லுங்கி கட்டுகிறவர்களுக்குப் பேன்ட் போடுகிறவர்களைவிடச் சௌகரியம். ட்யூபோடு மாட்டிய சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் உரசக் கூடாது. பஸ்ஸில் ஏறும்போது பையை மடியில் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அப்போது பைக்குள் இருப்பது திரும்பி உள்ளே ஏறும். ஏறுவதற்கு முன் காலி செய்துவிட்டால் தொல்லையில்லை. ட்யூபைத் தொடையிலோ வயிற்றிலோ பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட வேண்டும், இழுபட்டால் துளை புண்ணாகும். சிறுநீர் தெளிவாக வரும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். மீன் செதில் போல வெள்ளைத் துகள் வர ஆரம்பித்தால் ட்யூப் அடைக்கப் போகிறது என்று அர்த்தம். சாதாரண ரப்பர் ட்யூபை மாதம் ஒருமுறை போல மாற்றுவார்கள், சிலிக்கான் என்றால் இன்னும் தாங்கும். மாற்றாமல் விட்டால் ட்யூபின் முனையில் கல் சேரும். அப்புறம் அதை எடுக்க ஒரு தனி ஆபரேஷன். ட்யூப் உருவிக்கொண்டு வந்துவிட்டால் "காலையில் பார்த்துக்கலாம்" என்று படுக்கவே கூடாது. துளை சில மணி நேரத்திலேயே மூடிக்கொள்ள ஆரம்பிக்கும்.

மூன்று மாதம் முடிந்ததும் மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே நேரத்தில் டை விட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். நடுவில் எத்தனை சென்டிமீட்டர் பாதை இல்லை என்பது அதில் தெரியும். இங்கேதான் இரண்டாவது முடிவு வருகிறது.

ஒரு பக்கம், யூரெத்ரோபிளாஸ்டி. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே கீறி, தழும்பு முழுவதையும் வெட்டியெடுத்து, நல்ல முனையை நல்ல முனையோடு இழுவிசை இல்லாமல் தைப்பது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். இன்னொரு பக்கம், உள்நோக்கியால் தழும்பை வெட்டித் திறப்பது. கீறல் இல்லை, ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம், செலவும் குறைவு. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டாவதுதான் ஜெயிக்கும். நிஜத்தில் அப்படி இல்லை.

முழுதாக அறுந்து, நடுவே பாதையே இல்லாமல் போனவருக்கு வெட்டித் திறக்க அங்கே என்ன இருக்கிறது? தழும்பைக் குடைந்து ஒரு சுரங்கம் போடுகிறோம், அவ்வளவுதான். சுரங்கத்தின் சுவருக்கு உள்தோல் கிடையாது. அது சுருங்கியே தீரும். மேலிருந்து தெரியும் வெளிச்சத்தை நோக்கிக் குத்துமதிப்பாக வெட்டும்போது மலக்குடலிலோ சிறுநீர்ப்பையின் கழுத்துக்கு அடியிலோ தப்புப் பாதை விழுவதும் உண்டு. முதல் வாரத்தில் கோக்கப்பட்டு, பிறகு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான மெல்லிய சுருக்கம் வந்தவருக்கு மட்டும் ஒருமுறை வெட்டிப் பார்ப்பது நியாயம். அதுவும் ஒருமுறைதான். பல காரணங்களால் வரும் சுருக்கங்களையும் சேர்த்துத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாவது முறை வெட்டியோ விரித்தோ பலன் நிலைத்தவர் யாருமில்லை என்று தெரிந்தது.

இருந்தும் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வெல்டர் எங்கள் வார்டுக்கு வந்தார், முப்பது வயது இருக்கும். துணிக்கடைக் கட்டைப் பை நிறைய டிஸ்சார்ஜ் சம்மரி. ஒவ்வொன்றிலும் அதே நாலு வரி: வெட்டினோம், ட்யூப் போட்டோம், சிறுநீர்த் தாரை நன்றாக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வரவும். ஒவ்வொரு தடவையும் சில வாரம் நன்றாகப் போகும், பிறகு நூலாகும், பிறகு முக்கிக்கொண்டு நிற்க வேண்டும். "சின்ன ஆபரேஷன்தானேன்னு ஒத்துக்கிட்டேன் சிஸ்டர்" என்றார். அத்தனை சின்ன ஆபரேஷன்களில் போன சம்பள நாட்களைக் கூட்டினால் பெரிய ஆபரேஷன் எப்போதோ முடிந்திருக்கும். அது மட்டுமில்லை, வெட்ட வெட்டத் தழும்பு நீளமாகிறது. கடைசியில் தைக்கும் டாக்டருக்கு இழுத்துச் சேர்க்க வேண்டிய தூரம் கூடுகிறது.

முதல் தடவையே ஒழுங்காகச் செய்யும் யூரெத்ரோபிளாஸ்டி, பழகிய கைகளில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு நிலைத்து நிற்கிறது. இங்கே அழுத்த வேண்டிய சொல் 'பழகிய' என்பது. இடைவெளி குறைவாக இருந்தால் கீழ்க் குழாயை விடுவித்து இழுத்தாலே எட்டிவிடும், அதற்கு இயல்பாகவே கொஞ்சம் நீளும் குணம் உண்டு. எட்டாவிட்டால் ஆணுறுப்பின் வேர்ப்பகுதியை நடுவே பிரித்துக் குறுக்கு வழி கொடுப்பார்கள். அப்போதும் எட்டாவிட்டால் இடுப்பெலும்பின் கீழ் விளிம்பைச் செதுக்குவார்கள். கடைசியாக, குழாயை வேரைச் சுற்றி வேறு தடத்தில் திருப்பிவிடுவார்கள். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் வெப்ஸ்டர் 1991-இல் இந்தப் படிகளை வரிசைப்படுத்திக் கொடுத்தார். முதல் படி மட்டும் தெரிந்தவர் நாலாவது படி வேண்டிய ஆளின் மேல் கை வைத்தால் இழுத்துப் பிடித்துத் தைப்பார், பிரிந்துவிடும். இரண்டாவது தடவை செய்யும்போது வெற்றி வாய்ப்பு குறைகிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "ஆஸ்பத்திரி பெரிசா?" என்பதல்ல. "இடுப்பெலும்பு முறிவுக்குப் பிறகு செய்யும் யூரெத்ரோபிளாஸ்டி வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், எலும்பைச் செதுக்க வேண்டி வந்தால் நீங்களே செய்வீர்களா?" என்பதுதான். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோவை போன்ற ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் வேலூர் சிஎம்சியிலும் யூரோலஜித் துறைகள் இருக்கின்றன. ஒருமுறை செய்து தோற்றுப்போனவர்கள் புனேவில் சஞ்சய் குல்கர்னியின் மையம் போல இதையே முழுநேரமாகச் செய்யும் இடங்களில் ஒரு கருத்துக் கேட்கலாம். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவுக்குத் தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்துச் செய்யும் ஆபரேஷன் அதில் வராது. அதற்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டி, இந்த ஆபரேஷன் சேருமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வயதானவர், இதய நோய், நீண்ட மயக்கம் தாங்காது என்றால் அடிவயிற்று ட்யூபையே நிரந்தரமாக வைத்துக்கொள்வதும் ஒரு வழிதான். குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுக்குச் சிறுநீர்ப்பையின் கழுத்துவரை கிழிந்திருக்கும் வாய்ப்பு அதிகம், இடுப்பு குறுகலாக இருப்பதால் கீழிருந்து மட்டும் எட்டவும் முடியாமல் போகலாம். இதில் பழகிய குழந்தை யூரோலஜி நிபுணரிடம் நேராகப் போவதுதான் உசிதம்.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் போல ட்யூப் இருக்கும், டை விட்டுப் பார்த்துக் கசிவில்லை என்றால் எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகும் வாயைத் திறந்து கேட்க எல்லோரும் கூச்சப்படும் விஷயம் ஒன்று உண்டு, தாம்பத்தியம். விறைப்பு குறைந்திருந்தால் அது அநேகமாக விபத்தின் விளைவு, இரண்டு வருடம் வரை மெல்லத் திரும்பவும் வாய்ப்பிருக்கிறது. மாத்திரை, ஊசி என்று வைத்தியமும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும், ஆகவே முன்னமே சொல்லிவிடுவது நல்லது. கல்யாணம் ஆகாத பையனிடம் அப்பா அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு நாங்களே கேட்போம்.

பழைய எக்ஸ்ரேக்களையும் ஆபரேஷன் குறிப்பையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விபத்தில் கீழ்த்தசையின் அடக்கும் சக்தி பெரும்பாலும் போய்விடும், அதன்பின் சிறுநீரை அடக்கிப் பிடிப்பது சிறுநீர்ப்பையின் கழுத்து ஒன்றுதான். இருபது முப்பது வருடம் கழித்து ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு வழக்கம்போலச் சுரண்டியெடுக்கும் ஆபரேஷன் செய்தால், அந்தக் கழுத்தும் திறந்துபோய் ஒழுக ஆரம்பிக்கலாம். அன்றைக்கு எதிரில் இருக்கும் புது டாக்டரிடம், ப்ராஸ்டேட் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே அந்தக் குறிப்பை நீட்டிவிட வேண்டும்.